ஆளுக்குப் பாதி சுகந்தவல்லி

ராமாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஏழே ஏழு எழுத்துகள் மட்டும், ஒரே வரிசையில் சேர்ந்து நின்றால், எங்கே கண்டாலும் தெரியும். சுகந்தவல்லி. பொடி எழுத்து நெருக்கிக் கிடக்கும் பத்திரிகைப் பக்கத்தில் விரலை மேலிருந்து கீழே ஓட்டிக்கொண்டே வருவாள். ஓரிடத்தில் விரல் நின்றுவிடும். "இந்தா இருக்கறா பாரு" என்பாள், ஒளிந்திருந்த பிள்ளையைப் பிடித்துவிட்டவள் போல.

பரமத்தி வேலூருக்கு மேற்கே வாய்க்கால் ஓரமாக வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பத்துக்கு அவள் மூத்த மருமகள். பதினாறு வயதில் ராசப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். பத்து வருஷமாகியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. மாமியார் சாலம்மாள் கொல்லிமலை வரைக்கும் நடத்திக் கூட்டிப்போய் மருந்து வாங்கிக் கொடுத்துப் பார்த்தாள். வேண்டாத சாமியில்லை.

முப்பத்தாறாம் வருஷம் மாசி நோம்பிக்கு வேலூரில் டூரிங் கொட்டகை போட்டிருந்தார்கள். குடும்பத்தோடு வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். மணலில் உட்கார்ந்துதான் ராமாயி முதன்முதலாகச் சுகந்தவல்லியைப் பார்த்தாள். படத்தில், தாயின் பேச்சைக் கேட்டுப் புருஷன் அவளைக் காட்டில் விட்டுவிட்டுப் போய்விடுகிறான். அவள் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பாடுகிறாள். பக்கத்திலிருந்த பெண்களெல்லாம் மூக்கைச் சிந்தினார்கள். ராமாயி அழவில்லை. வாயைத் திறந்தபடி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு துன்பத்திலும் அந்த முகம் யாரிடமும் கெஞ்சவில்லை என்பது அவளுக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

மறுவருஷம் கொழுந்தன் சின்னண்ணனுக்குக் கல்யாணமாயிற்று. பெண் வசந்தாமணி, சேலத்தில் வாத்தியாராக இருந்தவரின் மகள். ஏழாவது வரைக்கும் படித்தவள். வந்த புதிதில் ஊர் நினைப்பாகவே இருந்தாள். ஒரு நாள் மத்தியானம் ராமாயி மாடு கட்டும் கட்டுத்தறிக்குப் போனபோது, வைக்கோல் போருக்குப் பின்னால் வசந்தாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு எதையோ படித்துக்கொண்டிருந்தாள். ராமாயிக்கு அட்டைப்படம் தெரிந்தது.

"ஏங்கண்ணு, இவ அந்தக் காட்டுல உக்காந்து பாடுனவதானே?"

"ஆமாக்கா. சுகந்தவல்லி."

"இவளைப் பத்தி இதுல எழுதியிருக்கறாங்களா?"

"நெறைய எழுதியிருக்குது. படிக்கட்டுங்களா?"

ராமாயி தவிட்டுக் கூடையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். சுகந்தவல்லி பிறந்த ஊர், பாட்டுக் கற்றுக்கொண்ட விதம், முதல் படத்தில் ஆற்றில் இறங்கப் பயந்தது எல்லாவற்றையும் வசந்தாமணி படித்துச் சொன்னாள். ஓரகத்திகள் இருவரும் அன்றுதான் முதல்முறையாகச் சேர்ந்து சிரித்தார்கள். படித்து முடித்ததும் ராமாயி தயங்கித் தயங்கிக் கேட்டாள், "இந்தப் பொஸ்தகத்தை நானு வெச்சுக்கட்டுமா?"

"எடுத்துக்கங்கக்கா. எனக்கெதுக்கு? படிச்சாச்சு."

அப்படித்தான் ஆரம்பித்தது.

வேலூரில் வெற்றிலை மண்டி வைத்திருந்த கலீல் ரஹ்மான் ராவுத்தர் வாரம் ஒருமுறை வெற்றிலைக் கூடைகளோடு கரூர் ரயிலடிக்குப் போய்வருவார். அவர் மனைவி அஜீஸுன்னிசா பத்திரிகை படிக்கிறவள். அவளுக்காக ரயிலடிக் கடையில் வாங்கி வருவார். ராமாயி அவர்கள் வீட்டுக்கு வெண்ணெய் கொண்டுபோய்க் கொடுக்கிற வழக்கம். அந்த வெண்ணெய்க்குப் பதிலாகத்தான் பத்திரிகை கேட்டாள்.

"சுகந்தவல்லி படம் இருந்தாத்தான் வேணுமுங்க, ராவுத்தரே. இல்லாததெல்லாம் வேண்டாம்."

"அத நானெங்க தாயி கடையில நின்னு பொரட்டிப் பாக்கறது?" என்று சிரித்தாலும், அவர் புரட்டிப் பார்த்துத்தான் வாங்கி வந்தார். சில வாரம் ஒன்றும் இருக்காது. சில வாரம், "இந்தத் தடவை ரெண்டு பக்கம் இருக்குது அம்மிணி" என்று கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டுவார். அதைக் கூடைக்குள் வைத்து மேலே வாழைச்சருகைப் போட்டு மூடிக்கொண்டு ராமாயி வீடு வரைக்கும் ஓட்டமும் நடையுமாக வருவாள். வழியில் திறந்து பார்க்கமாட்டாள். அந்த இரண்டு மைல் தூரமும், உள்ளே என்ன படம் இருக்குமோ என்ற நினைப்பிலேயே நடப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்தால் முதலில் கையைச் சாம்பல் போட்டுக் கழுவுவாள். பிறகு திறப்பாள். அச்சு மை வாசம் அடிக்கும். ஏழெழுத்தைத் தேடிக் கண்டுபிடிப்பாள். மத்தியானம் ஆண்கள் கொடிக்காலில் இருக்கும்போது, இருவரும் வெற்றிலை அடுக்க உட்காருவார்கள். நூறு வெற்றிலை ஒரு கவுளி. வசந்தாமணி படிக்கப் படிக்க, அவள் பங்கு கவுளியையும் ராமாயியே அடுக்கிவிடுவாள். கை பாட்டுக்கு வேலை செய்யும். காது மட்டும் வசந்தாமணியின் வாயருகே இருக்கும்.

கல்யாணத்துக்குத் தாய்வீட்டில் கொடுத்தனுப்பிய மரப்பெட்டியிலிருந்த பட்டுச்சேலையை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டு, அதில் பத்திரிகைகளை அடுக்கினாள். நடுவில் வசம்பும் காய்ந்த வேப்பிலையும் வைத்தாள். ஒவ்வொரு படமும் அவளுக்கு மனப்பாடம். எதில் வைரத்தோடு, எதில் வெறும் முத்து, எதில் இடது புருவம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, எதில் சிரிக்கிற மாதிரி இருந்தாலும் சிரிக்கவில்லை என்பதெல்லாம் தெரியும். சோப்பு விளம்பரத்தில் வந்த முகத்தையும் விடவில்லை.

"வெட்டிச் செவுத்துல ஒட்டிக்கலாமுல்லக்கா?" என்று ஒரு நாள் வசந்தாமணி கேட்டாள்.

"செவுத்துல ஒட்டுனா வாரவன் போறவனெல்லாம் பாப்பான். பொட்டிக்குள்ள இருந்தா என்னைய மட்டுந்தான் பாப்பா" என்றாள் ராமாயி.

சாலம்மாள் ஏதாவது சொல்லிக் காயப்படுத்திய நாட்களில் பெட்டி மூடியைத் தூக்கி உள்ளே கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். அதுவே போதும். எழுந்து வரும்போது முகம் தெளிந்திருக்கும்.

வசந்தாமணிக்கு முதல் வருஷமே மகன் பிறந்தான். அதற்குப் பிறகு சாலம்மாளின் பேச்சு வேறு மாதிரியாயிற்று. மூத்த மகனுக்கு இன்னொரு பெண் கட்டிவைக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னாள். வெண்ணந்தூர்ப் பக்கம் தூரத்து உறவில் பெண் இருந்தது. ராசப்பன் சாது. தாயையும் எதிர்க்கமாட்டான், பெண்டாட்டியையும் நோகடிக்கமாட்டான். "ராமாயி செரின்னாச் செரி" என்று சொல்லிவிட்டுக் கொடிக்காலுக்குப் போய்விட்டான். பாரமெல்லாம் ராமாயி தலையில் விழுந்தது. அவள் சோறு தின்னவில்லை. பத்து நாளில் தோள்பட்டை எலும்பு தெரிந்தது. சரி என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

அந்த வாரம் வந்த பத்திரிகையின் அட்டையில் சுகந்தவல்லி நீலச்சேலை கட்டி வீணையோடு உட்கார்ந்திருந்தாள். ராமாயிக்கு உள்ளே ஏழெழுத்தைத் தேடிப் பார்க்கக்கூட மனமில்லை. வசந்தாமணிதான் எடுத்துப் பிரித்தாள். கொஞ்சநேரம் சத்தமில்லாமல் படித்தாள். பிறகு ராமாயியை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அக்கா, இதக் கேளுங்க. பத்திரிகைக்காரர் கேக்கறாரு, உங்களுக்குக் கொளந்தைங்க எத்தனைன்னு. அதுக்கு இவ சொல்றா, 'எனக்கு ஆண்டவன் கொளந்தை குடுக்கலை. அதனால நான் கொறைஞ்சு போயிடலை. என் புருஷனுக்கு நானிருக்கறேன், எனக்கு அவர் இருக்கறார். இன்னொரு கல்யாணம் செஞ்சுக்கச் சொல்லி எத்தனையோ பேர் சொன்னாங்க. அவர் காதுல போட்டுக்கவே இல்லை.'"

ராமாயி வெற்றிலையைக் கீழே வைத்தாள். "இன்னொருக்காப் படி."

வசந்தாமணி படித்தாள்.

"இன்னொருக்கா."

மூன்றாம் முறை வார்த்தைகள் கொஞ்சம் மாறியிருந்தன. தான்தான் முன்பு சரியாகக் கேட்கவில்லை என்று ராமாயி நினைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் ராசப்பன் அகத்தி மரத்தில் வெற்றிலைக் கொடியைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்த இடத்துக்கே போனாள். "ஏனுங்க, நானு சம்மதிக்கமாட்டேன். என்னைக்கும் சம்மதிக்கமாட்டேன். சுகந்தவல்லிக்கும் கொளந்தை இல்லீங்க. அவ்வளவு பெரிய மனுசி, அவ்வளவு சொத்து. அவ புருசன் வேற யாரையாச்சும் கட்டிக்கிட்டானா?"

ராசப்பன் முதலில் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். கோரைப்புல்லை முடிச்சுப் போட்டு முடித்த பிறகு, "செரி, உடு. அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றான். சொல்லவும் செய்தான். "ஒரு கூத்தாடிச்சி பேச்சைக் கேட்டு என்ற வம்சத்தை அழிக்கறாளே" என்று சாலம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். ஆனால் அந்தப் பேச்சு அதோடு நின்றது. வெண்ணந்தூர்ப் பெண்ணை வேறிடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த மூன்று நான்கு வருஷங்கள்தான் ராமாயியின் வாழ்நாளில் நல்ல வருஷங்கள். பெட்டி நிறைந்துகொண்டே வந்தது. வசந்தாமணி படிக்கும்போது சுகந்தவல்லியைப் பற்றிப் புதிது புதிதாகத் தெரிந்தது. அவள் தன் கொழுந்தன் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாகவே வளர்க்கிறாளாம். தன் காலத்துக்குப் பிறகு எல்லாம் அவர்களுக்குத்தான் என்று சொல்லியிருக்கிறாளாம். ராமாயிக்கு அதுவும் பிடித்திருந்தது. வசந்தாமணிக்கு இரண்டாவது மகனும் பிறந்திருந்தான். இரண்டு பேரையும் குளிப்பாட்டுவது, சோறூட்டுவது, காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டு விழித்திருப்பது எல்லாம் ராமாயிதான். பெரியவன் அவளைத்தான் "பெரியம்மா" என்று சுற்றிச் சுற்றி வந்தான்.

நாற்பத்திரண்டில் சாலம்மாள் இறந்தாள். கருமாதி முடிந்த நான்காம் மாதம் சின்னண்ணன் பங்கு கேட்டான். யுத்த காலம். வெற்றிலைக்கு நல்ல விலை. தனியாகப் பண்ணையம் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டதில் தப்பில்லை. பங்கு பிரித்துவைக்கப் பெரியவர் மருதாசலத்தைக் கூப்பிட்டார்கள். அந்த வட்டாரத்தில் எந்தக் குடும்பம் பிரிந்தாலும் அவர்தான் வருவார். வாசலில் கயிற்றுக்கட்டில் போட்டு உட்கார்ந்தார். நாலு உறவுக்காரர்களும் வந்திருந்தார்கள்.

மேட்டுக்காடு, தோட்டம், மாடு, வண்டி எல்லாம் சரியாகப் பிரிந்தன. வாய்க்காலை ஒட்டிய கொடிக்காலில்தான் சிக்கல் வந்தது. அதுதான் நல்ல மண். அது முழுக்கத் தனக்கு வேண்டுமென்றான் சின்னண்ணன்.

"அண்ணனுக்கு மேக்காலத் தோட்டம் போதுமுங்களே. அவியளுக்குப் பொறவு எப்பிடியும் என்ற பசங்களுக்குத்தானே வரப்போகுது? இப்பவே குடுத்துட்டா என்னங்க?"

ராசப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சரி என்று சொல்லிவிடுவான் போலிருந்தது. கதவோரம் நின்ற ராமாயிக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, உசுரோட இருக்கறப்பவே எங்களுக்குக் கருமாதி பண்றீங்களா? எங்களுக்கு உண்டான பாதியக் குடுங்க. பொறவு யாருக்குப் போகோணுமின்னு நாங்க பாத்துக்கறோம்."

வசந்தாமணி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "யாருக்குப் பாத்துக்குவீங்க? யாரு இருக்கறா உங்களுக்கு? இத்தனை நாள் என்ற புள்ளைங்களைத் தூக்கி வளத்துனதெல்லாம் சும்மாத்தானா?"

"வளத்துனேன். இல்லீங்கல. அதுக்காக என்ற புருசனை வெறுங்கையோட நிக்கச் சொல்றயா? புள்ளையில்லாதவன்னா அவ்வளவு எளக்காரமா? சுகந்தவல்லிக்குந்தான் புள்ளையில்லை. அவகிட்ட யாராச்சும் இப்பிடி வந்து கேட்டாங்களா?"

வசந்தாமணி ஒரு நிமிஷம் அவளையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பு நல்லதாக இல்லை.

"சுகந்தவல்லிக்குப் புள்ளையில்லீன்னு யாரு சொன்னா?"

"நீதானே படிச்சே!"

"அதெல்லாம் நானாச் சொன்னதுதாங்கக்கா. அப்ப நீங்க சோறு திங்காமக் கெடந்தீங்களேன்னு பொய் சொன்னேன். அவளுக்கு நாலு புள்ளைங்க. கேட்டுக்குங்க. நாலு!"

வாசலில் இருந்தவர்களுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் ஒருவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். இன்னொருவர் மறைக்கக்கூட இல்லை, வாய்விட்டுச் சிரித்தார். மருதாசலம்தான், "போதும் உடுங்கம்மா, பொம்பளைங்க உள்ள போங்க" என்று அதட்டினார்.

ராசப்பன் சிரிக்கவில்லை. தலையைத் தூக்கிப் பெண்டாட்டியைப் பார்த்தான். அப்படி ஒரு பார்வையை அவள் அதுவரை அவனிடம் கண்டதில்லை.

கொடிக்காலைக் கடைசியில் மருதாசலம் சரிபாதியாகவே பிரித்தார். பிறகு வீட்டுச் சாமான். குண்டா, அண்டா, உரல், ஆட்டாங்கல் எல்லாம் பிரித்தாயிற்று. மரப்பெட்டியைப் பார்த்து, "இது ராமாயி தாயிவூட்டுப் பொட்டி. அவளுக்கு" என்றார்.

"பொட்டி அவிய பொட்டிங்க. உள்ள இருக்கறதுல எனக்கும் பங்கிருக்குது" என்றாள் வசந்தாமணி.

மருதாசலம் திறந்து பார்த்தார். "என்னம்மா இது? வெறுங்காயிதம்."

"மொத பொஸ்தகம் நான் எங்கூட்டுலருந்து கொண்டாந்தது. மீதி பூராவும் நாந்தான் படிச்சேன். படிச்சவ நானு. படம் பாத்தவதான் அவ."

"என்ற வெண்ணெயைக் குடுத்து வாங்குனேனுங்க" என்றாள் ராமாயி. "ஒவ்வொண்ணும் நானே நடந்து போய் வாங்கியாந்ததுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க. அண்டாவை அவளே எடுத்துக்கட்டும்."

பெரியவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து பசியோடு உட்கார்ந்திருக்கிறார். "காயிதத்துக்கு ஒரு பஞ்சாயத்தா? ஆளுக்குப் பாதி" என்றார். உறவுக்காரர் ஒருவர் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டி, வெற்றிலை எண்ணுகிற மாதிரி இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று போட்டார். வேப்பிலையும் வசம்பும் வாசலில் சிதறின. ராமாயி ஒவ்வொரு அட்டையையும் பார்த்துக்கொண்டே நின்றாள். முத்துமாலை அந்தப் பக்கம் போயிற்று. ஊஞ்சல் படம் அந்தப் பக்கம் போயிற்று. நீலச்சேலையும் வீணையும் இந்தப் பக்கம் விழுந்தது.

வீட்டுக்கு நடுவில் மண்சுவர் வைத்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் வசந்தாமணி, இந்தப் பக்கம் ராமாயி. ராசப்பன் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் சோற்றுவட்டிலைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தவன், "ஒரு கூத்தாடிச்சி பேரைச் சொல்லி என்னைய ஊரே சிரிக்க வெச்சுட்டெ" என்றான். கைகழுவப் போய்விட்டான்.

ராமாயி நீலச்சேலைப் பத்திரிகையை மடியில் சொருகிக்கொண்டு வேலூருக்கு நடந்தாள். நேரே ராவுத்தர் வீட்டுப் புறக்கடைக்குப் போனாள். அஜீஸுன்னிசா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மிணி, இத எனக்குப் படிச்சுச் சொல்லு. ஒரு எழுத்து உடாமச் சொல்லு. என்னைய நெனச்சுக் கூட்டியோ கொறைச்சோ படிச்சராதே."

அஜீஸுன்னிசா முறத்தை வைத்துவிட்டு வாங்கினாள். ராமாயியே பக்கத்தைத் திருப்பி, ஏழெழுத்து இருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். அஜீஸுன்னிசா நிதானமாகப் படித்தாள். சுகந்தவல்லி காலையில் காப்பி குடிக்கமாட்டாள், மோர்தான். பல்லியைக் கண்டால் பயம். நீலம் பிடித்த நிறம். புதிதாக வாங்கிய மோட்டார் காரைத் தானே ஓட்டிப் பார்த்து வேலியில் மோதினாள். அடுத்த படத்தில் ஏழு பாட்டு. அவ்வளவுதான். கட்டுரை முடிந்து கீழே கேசத்தைல விளம்பரம் இருந்தது.

"புள்ளையப் பத்தி?"

"அப்பிடி ஒண்ணும் இல்லியே அக்கா."

"புள்ளை இல்லீன்னு சொல்லலியா? புருசனைப் பத்தி?"

"புருசன், புள்ளைங்கற பேச்சே இல்லீங்க."

"நாலு புள்ளைன்னு எங்கியாச்சும்?"

அஜீஸுன்னிசா இன்னொரு முறை மேலிருந்து கீழே பார்த்தாள். அவளுக்கு ஏதோ புரிந்தது. "இல்லக்கா" என்று மெதுவாகச் சொன்னாள். "சித்தெ உக்காருங்க. மோர் குடிச்சுட்டுப் போலாம்."

ராமாயி உட்காரவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டே வந்தாள். பிள்ளையில்லை என்றதும் பொய், நாலு பிள்ளை என்றதும் பொய். முதல் பொய் தன்மேல் இரக்கப்பட்டுச் சொன்னதாகவே இருக்கலாம். அப்படியென்றால், கொழுந்தன் பிள்ளைகளுக்கே எல்லாம் என்று சுகந்தவல்லி சொன்னதாகச் சொன்னாளே, அது யார்மேல் இரக்கப்பட்டு? ராசப்பன் இன்னொரு பெண்ணைக் கட்டாமலிருந்தால் யாருக்கு லாபம்? தன் வீம்பு தன்னுடையது என்றல்லவா இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்! எது அன்பு, எது கணக்கு என்று பிரித்துப் பார்க்க முயன்று முயன்று அவளுக்கு வெறுத்துப்போயிற்று. வாய்க்கால் மேட்டுக்கு வந்தபோது, "இவ புள்ளைங்களுக்கு ஒரு வெத்தலக் கொடிகூடப் போகப்படாது" என்று வாய்விட்டே சொன்னாள்.

மறுவாரம் அவளே கிளம்பினாள். பெட்ரோல் கிடைக்காத காலம். பின்னால் அடுப்பு வைத்துக் கரி போட்டு ஓடுகிற பஸ் மேட்டில் ஏறமாட்டாமல் நின்று நின்று போயிற்று. நாமக்கல்லில் மாறி, ராசிபுரத்தில் இறங்கி, வெண்ணந்தூருக்கு நடந்தே போனாள். முன்பு பார்த்த பெண்ணின் தங்கை கந்தம்மாள், பத்தொன்பது வயது, கல்யாணமாகாமல் இருந்தாள். தகப்பன் இல்லை. தாய் தறிக்கு நூல் இழைத்துக் காலம் தள்ளினாள். மூத்த சம்சாரமே வந்து பெண் கேட்கிறாளே என்று அந்தத் தாய்க்கு ஆச்சரியம்.

"உங்க மனசுக்குச் செரிதானுங்களா? நாளைக்கு எம்பொண்ணைக் கொடுமை பண்ணமாட்டீங்களே?"

"பண்ணமாட்டேன்" என்றாள் ராமாயி. "அவ நல்லா இருக்கோணும். அவ வவுத்துல புள்ளை பொறக்கோணும். அதுக்குத்தான் வந்திருக்கறேன்."

கந்தம்மாள் கதவு மறைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான பெண். யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. ராமாயியும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து ராசப்பனிடம் சொன்னாள். "உங்களுக்கு ஒரு பொண்ணுப் பாத்துட்டு வந்திருக்கறேனுங்க. ஆவணியில வெச்சுக்கலாம்."

அவன் ஒரு தடவையாவது வேண்டாம் என்று சொல்லுவான் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். இந்த வயதில் எதற்கு, நீ இருந்தால் போதாதா, இப்படி ஏதாவது ஒன்று. ஒப்புக்காவது சொல்லியிருக்கலாம். ராசப்பன் வேட்டித் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான்:

"பொண்ணு எந்த ஊரு?"

விஷயம் தெரிந்த அன்று சுவருக்கு அந்தப் பக்கம் சின்னண்ணன் கத்திய கத்தல் தெருமுனை வரைக்கும் கேட்டது. மறுநாள் ராமாயி தண்ணீர் சேந்தப் போனபோது வசந்தாமணி கிணற்றடியில் நின்றிருந்தாள். அழுதிருந்தாள்.

"ஏனுக்கா இப்பிடிப் பண்றீங்க? உங்க கழுத்தை நீங்களே அறுத்துக்கறீங்களே. அன்னிக்கு நாலு புள்ளைன்னு கோவத்துல சொல்லிப்போட்டேன். மொதல்ல சொன்னது நெசமா உங்களுக்காகத்தானுக்கா சொன்னேன். என்ற புள்ளைங்க மேல சத்தியமா."

ராமாயி குடத்தை இறக்கிவைத்தாள். "இருக்கலாம். எது எனக்காகச் சொன்னது, எது உனக்காகச் சொன்னதுன்னு எனக்கெப்பிடித் தெரியும்? படிச்சவ நீ."



கல்யாணம் ஆவணியில் நடந்தது. ராமாயியே முன்னால் நின்று எல்லாம் செய்தாள். அவளுடைய பட்டுச்சேலையைப் பரணிலிருந்து இறக்கிக் கந்தம்மாளுக்குக் கட்டிவிட்டாள். வந்தவர்கள் மூத்தவளின் பெருந்தன்மையை வாய் ஓயாமல் புகழ்ந்தார்கள். சின்னண்ணன் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. பெரியவன் மட்டும் சுவர்மேல் ஏறி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். ராமாயி அவனுக்கு ஓர் அதிரசத்தை நீட்டினாள். அவன் வாங்கவில்லை. குதித்து உள்ளே ஓடிவிட்டான். யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

வசந்தாமணியின் பங்குப் பத்திரிகைகள் என்னவாயின என்று ராமாயிக்கு நாளடைவில் தெரிந்தது. பையன்கள் காற்றாடி செய்தார்கள். ஊஞ்சலில் உட்கார்ந்த சுகந்தவல்லி ஒரு நாள் முருங்கை மரத்தில் சிக்கி, மழையில் நனைந்து, அங்கேயே கிழிந்து போனாள். தன் பங்கை ராமாயி ஒரு கூடையில் அடுக்கி அஜீஸுன்னிசாவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

"படிக்கத் தெரிஞ்சவ ஊட்டுல இருக்கட்டும்."

"வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை வாங்கக்கா. நான் படிச்சுச் சொல்றேன். உள்ளத உள்ளபடி சொல்றேன்."

"பாக்கலாம்" என்றாள். போகவில்லை. சுகந்தவல்லி மோர் குடிப்பதையும் பல்லிக்குப் பயப்படுவதையும் தெரிந்துகொண்டு அவளுக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. யுத்தத்தில் காகிதம் கிடைக்காமல் பத்திரிகையும் இளைத்துப்போனது என்று ராவுத்தர் சொன்னார். சரிங்க என்று கேட்டுக்கொண்டாள்.

கந்தம்மாள் கெட்டவள் இல்லை. எதற்கெடுத்தாலும் "அக்கா, அக்கா" என்று கேட்டுத்தான் செய்தாள். ஆனால் அவள் பிள்ளையுண்டான மூன்றாம் மாதத்திலிருந்து ராசப்பன் அவளுக்கென்று சந்தையிலிருந்து பலகாரம் வாங்கி வந்தான். கொடிக்காலிலிருந்து வரும்போதே, "கந்தா" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தான். பதினெட்டு வருஷத்தில் அவன் ராமாயியை அப்படிப் பேரைச் சுருக்கிக் கூப்பிட்டதே இல்லை. ராமாயி முன்னறையிலிருந்து தன் பாயைக் குதிர் இருந்த அறைக்கு மாற்றிக்கொண்டாள். யாரும் மாற்றச் சொல்லவில்லை. மாற்ற வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நாற்பத்து நாலு ஐப்பசியில் ஆண்குழந்தை பிறந்தது. ஊரெல்லாம் சர்க்கரை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் வசந்தாமணி வந்தாள். சுவர் வைத்த பிறகு அவள் இந்தப் பக்கம் வருவது அதுதான் முதல்முறை. கையில் ஒரு சீசா விளக்கெண்ணெய். ராமாயி வாசலில் இளவெயிலில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வசந்தாமணி எதிரில் குந்தினாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சின்னண்ணன் சொத்து கைவிட்டுப் போன ஆத்திரத்தை இன்னும் அவள் மேல்தான் காட்டிக்கொண்டிருக்கிறான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

"பெரிய மாமா மூக்கேதான்" என்றாள்.

"ஆமா."

"செயிச்சுட்டீங்கக்கா."

ராமாயி குழந்தையின் முகத்தில் உட்கார வந்த ஈயை ஓட்டினாள். "நானெங்க செயிச்சேன்? செயிச்சவ உள்ள படுத்திருக்கறா. அவளுக்கு அது தெரியக்கூடத் தெரியாது."

குழந்தை சிணுங்கத் தொடங்கியது. வசந்தாமணி கையை நீட்டினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு ராமாயி குழந்தையைக் கொடுத்தாள். வசந்தாமணி தோளில் போட்டுத் தட்டினாள். அழுகை நிற்கவில்லை.

உள்ளேயிருந்து கந்தம்மாள் குரல் கொடுத்தாள். "அக்கா, பசிக்குது போல. இங்க கொண்டாங்க."

ராமாயி எழுந்து குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். தாயின் பக்கத்தில் கிடத்தினாள். அழுகை உடனே நின்றுவிட்டது. ராசப்பன் கட்டிலருகே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே வந்தபோது வசந்தாமணி போய்விட்டிருந்தாள். விளக்கெண்ணெய்ச் சீசா மட்டும் வாசற்படியில் இருந்தது. ராமாயி அதை எடுத்து மாடத்தில் வைத்துவிட்டு, தொட்டியில் ஊறிக்கொண்டிருந்த பிள்ளைத்துணிகளை அலச உட்கார்ந்தாள்.